இடது முழங்கை

சிறப்பு விருந்தாளியாக வந்திருந்த பல் டாக்டர் பேச எழுந்தபோதுதான் சுகிர்தத்துக்குக் கேஸ் அடுப்பின் ஞாபகம் வந்தது. பாலை இறக்கியது நினைவிருக்கிறது. இறக்கி, தட்டால் மூடி, பூனை தள்ளிவிடாதபடி தட்டின்மேல் சப்பாத்திக் கட்டையை வைத்ததுகூட நினைவிருக்கிறது. குமிழைத் திருப்பியதுதான் நினைவில் இல்லை. திருப்பியிருப்பாள், கை தானாகச் செய்கிற வேலை அது, ஆனால் கை தானாகச் செய்ததற்குச் சாட்சி யார். வீட்டில் புருஷன் தவராஜ் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பார். கேஸ் வாடை அடித்தால் மூக்கு கண்டுபிடிக்குமா, ஜலதோஷம் வேறு, கண்டுபிடித்தாலும் அந்த முழங்காலோடு எழுந்து போவதற்குள் சீரியல் முடிந்துவிடும். போன் பையில் இருக்கிறது, பை பாதிரி ஐயர் அங்கி மாட்டுகிற வெஸ்ட்ரி அறையில் இருக்கிறது, வெஸ்ட்ரிக்குப் போக வேண்டுமானால் கொயர் வரிசை முழுக்க முழங்காலை ஒதுக்கி வழி விட வேண்டும், கோயில் முழுக்க ஊர் உட்கார்ந்து பார்க்கிறது. உட்கார்ந்திருப்பது சபை ஜனங்கள் மட்டுமென்றால்கூடப் பரவாயில்லை. மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஊருக்கெல்லாம் பாட்டு என்று ஆர்கன் வாசிக்கிற ஜெரின் தம்பி ஆரம்பித்ததிலிருந்து பஜார் ஆட்கள் வருகிறார்கள், ரயில்வே காலனிக்காரர்கள் வருகிறார்கள், பாத்திரக்கடை பாய் குடும்பத்தோடு வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்கிறார். இன்றைக்கு முதல் பாதியில் போலீஸ் பேண்டு வாசித்தது. அந்தப் பெரிய ட்ரம்மின் அதிர்ச்சி இன்னும் தூணுக்குள் இருப்பதுபோல இருந்தது, அல்லது அது தன் நெஞ்சுதானோ. பக்கத்தில் ரூபாக்கா பாட்டுக் கோப்பை மடியில் விரித்து, கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, ஏற்கெனவே தயாராக இருந்தாள். வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்திருந்தாள், மடிப்பில் விரல் வைத்தால் கீறிவிடும். பிச்சிப்பூ. பவுடர். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது ஒரு வரிதான். வியாழக்கிழமை பாட்டுப் பழகுதல் முடிந்து செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெரின் பின்னால் வந்து நின்றான். அவன் நின்ற விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, தன்னைத்தான் கொயரிலிருந்து நிறுத்தப் போகிறான் என்று அவள் ஒரு நிமிடம் செத்துப் பிழைத்தாள். பேச்சு தன்னைப் பற்றியது இல்லை என்று தெரிந்ததும் முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மூன்றாம் சரணம் ஆல்ட்டோக்காரர்களுக்கு, பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற இவர்கள் வரிசைக்கு, மட்டும் உள்ளது, மற்ற மூன்று குரலும் வாயை மூடிக்கொண்டு முனகும், அந்த இடத்தில் ரூபா ஆன்ட்டி பாடாமல் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றான். அரை சுருதி இறங்குகிறது, இறங்குவது அவர்களுக்குக் கேட்கவில்லை, கேட்காததால் சத்தத்தையும் கூட்டுகிறார்கள் என்றான். பின்வரிசைக் கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பதை அவளும்தான் பார்த்திருக்கிறாள். பத்து பேர் பாடுகிற வரிசைதான், ஆனால் இறங்கிய குரல் ஒன்று போதும், சோற்றில் கல் மாதிரி. நீயே சொல்லேன் தம்பி என்றதற்கு அவன் ஆர்கன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். பிறகு, "எனக்கு டோ ரே மீ சொல்லிக்கொடுத்ததே அவங்கதான் ஆன்ட்டி. நான் எந்த வாயால சொல்ல? நீங்க பக்கத்து ஆளு, நீங்க சொன்னா எடுத்துக்கிடுவாங்க" என்றான். பக்கத்து ஆள். அவள் தலையை ஆட்டிவிட்டாள். யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிடுவது, பிறகு ராத்தூக்கம் போவது, இதுதான் அவள் வழக்கம். கல்யாணத்துக்கும் இப்படித்தான் ஆட்டினாள்.

பல் டாக்டர் சங்கீதத்துக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயை நன்றாகத் திறந்து பாடுகிறவர்களுக்குத் தாடை இறுகாது என்றார். இந்தக் கொயரில் பாதிப் பேருடைய வாய் தனக்குத் தெரியும் என்றபோது கூட்டம் சிரித்தது. அவளுடைய கடைவாய்ப்பல் இரண்டை அவர்தான் பிடுங்கினார், பிடுங்கியபின் ஒரு வாரம் பாட்டில் காற்று விசிலடித்தது, ரூபாக்கா கோப்பால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். இருபது வருஷம் இருக்குமா ரூபாக்கா பக்கத்தில் நிற்க ஆரம்பித்து. அதற்கு மேலேயே இருக்கும். ரூபாவதி அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், தெருக்கோடி வீடு. குழாயடியில் துணி அலசிக்கொண்டே சுகிர்தம் எதையோ பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு, குடத்தை இடுப்பில் வைத்தபடியே, ஏட்டி நீ ஞாயித்துக்கெழம கொயருக்கு வா என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். கொயரில் எல்லாரும் படித்தவர்கள். கோப்பைத் திறந்தால் வரிக்கு மேலே இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாகச் சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினதுபோல இருக்கும், சுகிர்தம் ஏழாம் வகுப்புப் பாதியில் நின்றவள், அம்மாவுக்குத் தம்பி பிறந்து தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது, அந்தத் தொட்டிலோடு இங்கிலீஷ் போயிற்று. எனக்கு அந்த எழுத்துத் தெரியாதுக்கா என்று அவள் சொன்னது ரூபாக்காவிடம் மட்டும்தான். அதற்கென்ன, நான் இடது பக்கம் நிப்பேன் என்றாள் ரூபாக்கா. நின்றாள். காது ரூபாக்காவின் குரலைப் பிடித்துக்கொள்ளும், மறுபடி ஒரு தடவை கேட்டால் போதும், பிறகு போகாது. ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்பது மட்டும் காதுக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய வெள்ளியன்று, எல்லாரும் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், கோயில் முழுக்க அமைதியில், சுகிர்தம் ஒருத்தி மட்டும் பாடினாள். அந்த ஒரு சொல். இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் இனி வர மாட்டேன் என்று அழுதாள். ரூபாக்கா நடந்துகொண்டே, அவள் இடது முழங்கையைத் தன் வலது முழங்கையால் இடித்தாள். ஒரு அழுத்து அழுத்தினால் ஆரம்பி. நீளமா அழுத்திப் பிடிச்சேன்னா வாய மூடு, அது நமக்குள்ளது இல்ல. புரிஞ்சுதா. அன்றைக்குப் பிறகு கோப்பு வெறும் மறைப்புத்தான். ரூபாக்கா பக்கம் திருப்பும்போது இவளும் திருப்புவாள். சில சமயம் இவளுடைய கோப்பில் வேறு பாட்டு இருக்கும், யாருக்குத் தெரியப் போகிறது. ஆரம்ப வருஷங்களில் நீள அழுத்தல்தான் அதிகம், சில ஞாயிற்றுக்கிழமை முழங்கை கன்றிப்போகும். அப்புறம் அப்புறம் குறைந்தது. குறைந்தாலும் அந்த முதல் அழுத்தல் இல்லாமல் அவள் ஒரு பாட்டுக்கூட ஆரம்பித்ததில்லை. வந்துவிடும், வந்ததும் வாய் திறக்கும். ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிவதுபோல. விளக்குக்கு என்ன தெரியும்.

அதுதான் பயம். ஜெரினுக்குத் தெரியாத பயம். வாயை அசைத்தால் போதுங்கக்கா என்று சொன்னதும் ரூபாக்கா எழுந்து வெளியே போய்விட்டால்? போகக்கூடியவள்தான். ரிட்டயர் ஆகிற அன்றைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் ஏதோ சொன்னார் என்று மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பிரிவுபசாரத்திலிருந்து நடந்து வந்தவள். போய்விட்டால் இடது பக்கம் வெறும் காற்று. வெறும் காற்றோடு எப்படி ஆரம்பிப்பது. அப்படியென்றால் தான் சொல்லாமல் இருப்பது ரூபாக்காவுக்காகவா தனக்காகவா, வெள்ளிக்கிழமை மீன்குழம்பைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று போனாளே, அப்போது சொல்லாமல் திரும்பி வந்தது யாருக்காக. ரூபாக்கா வீட்டு டிவி சத்தம் தெருமுனைக்கே கேட்டது. மூன்று தரம் கதவைத் தட்டி, பின்பக்கமாகப் போய் சன்னல் வழியாகக் கையை ஆட்டவேண்டியிருந்தது. குழம்பை மோந்து பார்த்து, புளி கம்மி என்றாள். பிறகு, இப்பல்லாம் ஊரே வாய்க்குள்ளதான் பேசுது ட்டி, ஐயர் பிரசங்கம் பண்ணுதாரா சீட்டு கட்டுதாரான்னு தெரியல, இந்தக் காலத்து ஆளுகளுக்குத் தொண்டையே இல்ல என்றாள். சொல்லிவிட்டுச் சுகிர்தத்தின் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாளோ. பார்த்தாள். அல்லது உதட்டைத்தான் பார்த்தாளோ, இப்போதெல்லாம் பேசுகிறவர் உதட்டைத்தான் பார்க்கிறாள். ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை யூடியூபில் நேரடியாகப் பார்க்கப் போகிறாளாம், அங்கே ராத்திரி வெகுநேரம் ஆகிவிடும், ஆனாலும் விழித்திருந்து அம்மாவைப் பார்க்கப் போகிறாளாம், பேரனுக்குக் காட்டப் போகிறாளாம். சேலைக்குக் கஞ்சி போட அரிசி வடித்த தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அந்தச் சட்டியைப் பார்த்தபிறகு எப்படிச் சொல்வது. தூக்குச்சட்டியைக் கழுவித் தந்தாள், இவள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதோ தூணுக்குப் பக்கத்தில் மூன்றுகால் ஸ்டாண்டில் கேமரா, சிவப்புப் பொட்டு எரிகிறது. இப்போதே அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம். அம்மாவின் பிச்சிப்பூ தெரியும். மூன்றாம் சரணம் வரும்.

டாக்டர் முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி மூன்றாவது தடவையாக முடிக்காமல் போனார். மின்விசிறி மேலே எங்கோ சுற்றியது, அதன் காற்று இறங்கி வருவதற்குள் சூடாகிவிடுகிறது. குதிகால் வலித்தது. காலையில் ஆராதனை, மத்தியானம் சமையல், தவராஜுக்குக் காலுக்கு எண்ணெய், மறுபடி குளியல், மறுபடி சேலை. குமிழ். குமிழைத் திருப்பும்போது ஒரு டக் சத்தம் வருமே, அந்தச் சத்தத்தைக் கேட்டாளா. எல்லாமே சத்தம்தான், கேட்டதும் கேட்காததும். ஆர்கன் பெட்டியின்மேல் ஜெரின் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி மாட்டியிருந்தான், வாசித்துக்கொண்டே கொயரைப் பார்ப்பதற்கு. அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து அவன் கண்கள் அவளைப் பார்த்தன. புருவத்தை உயர்த்தினான். சொல்லியாச்சா. அவள் தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டியபிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது, அதற்குள் அவன் நிம்மதியாகக் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துவிட்டான். இனி வழியில்லை. டாக்டருக்குப் பொன்னாடை போர்த்த ஐயர் எழுந்தார். சுகிர்தம் சாய்ந்து ரூபாக்காவின் காதுப்பக்கம் வாயைக் கொண்டுபோனாள். அது கேட்காத காது என்று பாதியில் ஞாபகம் வந்தது, மறுபக்கக் காதுக்குப் போக வேண்டுமானால் அவள் மடிமேல் ஏற வேண்டும்.

"அக்கா, மூணாவது சரணம்..."

ரூபாக்கா திரும்பி அவள் உதட்டைப் பார்த்தாள். அவளுக்கு அந்த இரண்டு சொல் தெரிந்தது. அதற்குமேல் சுகிர்தத்தின் உதடு அசையவில்லை.

"ஆமா, மூணாவதுதான் நமக்கு உள்ளது" என்றாள் ரூபாக்கா, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, முன்வரிசைக்குக் கேட்கும்படி. "பயப்படாத ட்டி. நான் இருக்கம்லா."

எழுந்தார்கள். வெள்ளைச் சேலைகள் எழும்போது கஞ்சிச் சத்தம் ஒன்று வரும், அது சுகிர்தத்துக்கு எப்போதும் பிடிக்கும், இன்றைக்கு அதுவும் பயமாக இருந்தது. முதல் சரணம் எல்லாருக்கும் உள்ளது, முழங்கை வந்தது, வாய் திறந்தது, நாலு குரலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போனதில் ரூபாக்காவின் குரல் எங்கோ அடியில் கிடந்தது, வெள்ளத்தில் போகிற கட்டைமாதிரி, கவனித்தால்தான் தெரியும். அவள் கவனித்தாள். வேறு எதையும் கவனிக்க முடியவில்லை. இந்தக் குரலைக் கேட்டுத்தான் இத்தனை பாட்டையும் படித்தோம், இப்போது இதைக் கேட்டுப் பாடினால் தானும் இறங்கிவிடுவோம், கேட்காமல் பாட வேண்டும், பக்கத்தில் நிற்கிற ஆளைக் கேட்காமல் பாடுவது எப்படி, ஒரே பாயில் படுத்துக்கொண்டு பேசாமல் இருப்பதுபோல. இரண்டாம் சரணம் ஆண்களோடு போயிற்று. பாத்திரக்கடை பாயின் சின்னப் பெண் வாயைத் திறந்து தூங்கிப்போயிருந்தாள். அடுப்பு. இல்லை, அடுப்பு இல்லை இப்போது. மற்றவர்கள் வாயை மூடி முனக ஆரம்பித்தார்கள், கோயிலே ஒரு பெரிய தேன்கூடு ஆனதுபோல, ஆர்கன் இறங்கி இறங்கி நின்று வழிவிட்டது, கண்ணாடியில் ஜெரினின் கண் வந்தது. முழங்கை அழுத்தியது. இத்தனை வருஷமாக எப்படி வருமோ அப்படியே, ஒரு இம்மி முந்தாமல் பிந்தாமல். காது போய்விட்ட மனுஷி, எதைக் கேட்டு அழுத்தினாள், ஆர்கனில் அவன் கையைப் பார்த்தா, மூச்சைப் பார்த்தா. சுகிர்தத்தின் வாய் திறந்தது. சரியான இடத்தில் நின்றது குரல். அதற்குக் கீழே, கொஞ்சம் கீழே, முழுத் தைரியத்தோடு ரூபாக்காவின் குரல் வந்து விழுந்தது. முதல் சொல் முடிவதற்குள் பெஞ்சுகளில் இரண்டு தலை நிமிர்ந்தன. பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். கேமராவின் சிவப்புப் பொட்டு. பேரன். அவள் யோசித்துச் செய்ததாகப் பிறகு ஒருபோதும் அவளால் நினைக்க முடியவில்லை, குமிழைத் திருப்புகிற கைபோல முழங்கைதான் செய்தது. அழுத்தியது. எடுக்காமல், நீளமாக, அழுத்திப் பிடித்துக்கொண்டது.

ரூபாக்கா பாதிச் சொல்லில் நிறுத்தினாள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைபோல உடனே நிறுத்தினாள், ஏன் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுகிர்தம் பாடிக்கொண்டு போனாள். ஆல்ட்டோ வரிசை முழுக்கப் பாடியது, ஆனால் தான் ஒருத்தியே பாடுவதுபோல, அந்தப் பெரிய வெள்ளிக்கிழமைபோல இருந்தது அவளுக்கு. குரல் போகவேண்டிய இடமெல்லாம் அதற்கே தெரிந்திருந்தது. ஏறவேண்டிய இடத்தில் ஏறியது. எந்த எழுத்தையும் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. அக்கா வாயை அசைக்கிறாளா என்று பார்க்கத் துணிவில்லை. கோப்பின் பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடம் வந்தது. பக்கத்துக் கோப்பு திரும்பவில்லை. இவளுடையதும் திரும்பவில்லை.

கைதட்டல் வந்தது, நிறைய வந்தது. உட்கார்ந்தார்கள். முழங்கைகளுக்கு நடுவே ஒரு சாண் இடம் இருந்தது இப்போது, அதில் விசிறிக் காற்று புகுந்தது. ஜெரின் கண்ணாடிக்குள் சிரித்தான், நன்றி சொல்கிற சிரிப்பு, அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று இருந்தது. ஐயர் நன்றியுரை ஆரம்பித்தார், போலீஸ் பேண்டுக்கு, மைக் செட்டுக்கு, காப்பி வைத்திருக்கிற பெண்கள் சங்கத்துக்கு. ரூபாக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எவ்ளோ நாளா ட்டி?"

இல்லக்கா, இன்னைக்கு மட்டும்தான், தொண்டை கட்டியிருக்கும் என்று வாய்வரை வந்தது. ஆனால் ரூபாக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் பார்க்கிற ஆளிடம் பொய் சொல்வது சத்தமாகச் சொல்வதைவிடக் கஷ்டம்.

"ஈஸ்டர்லேருந்துக்கா."

"ஈஸ்டரா." கொஞ்ச நேரம் எதையோ பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அப்போ ஐயரம்மா அடக்கத்துக்குப் பாடுனது?"

சுகிர்தம் கோப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"சொல்லிருக்கலாம்லா" என்றாள் ரூபாக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்துப்போய்ச் சொன்னாள், தூரத்திலிருந்து மூட்டை தூக்கி வந்த ஆள்போல. பிறகு கோப்பை மூடினாள். அதன் ரப்பர் வளையத்தைப் பூட்டினாள். பூட்டியபோது, எழுந்துவிடுவாள், இதோ எழுந்து நடுப்பாதை வழியாக ஊரே பார்க்க நடந்து வெளியே போய்விடுவாள், மாலையைக் கழற்றி வைத்த அன்றைக்குப்போல, என்று சுகிர்தத்துக்குத் தோன்றியது. அந்தக் கஞ்சிச் சேலையின் மடிப்பு அசைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழும்பும்படி ஐயர் கேட்டுக்கொண்டார். ஊருக்கும் கொயருக்கும் சேர்த்து உள்ள பாட்டு, எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, இதில் யார் இறங்கினாலும் யார் ஏறினாலும் ஒன்றும் தெரியாது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. கொயர் எழுந்தது. ரூபாக்கா எழவில்லை. பிறகு, முன்பெஞ்சுக் கட்டையைப் பிடித்து, எல்லாருக்கும் கடைசியாக எழுந்தாள். கோப்பு பெஞ்சிலேயே கிடந்தது. ஆர்கன் முன்வாசிப்பை ஆரம்பித்தது. அந்த முன்வாசிப்பு எவ்வளவு நீளம் என்று சுகிர்தத்துக்குத் தெரியாது, எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், ஆனால் அதன் முடிவைக் கவனிக்கவேண்டிய வேலை அவளுக்கு இருந்ததில்லை. அப்போது இடது முழங்கையில் ஏதோ பட்டது. ரூபாக்காவின் வலது முழங்கை. அது அழுத்தவில்லை. வெறுமனே வந்து சாய்ந்துகொண்டு நின்றது. சுகிர்தம் காத்திருந்தாள். அதுவும் காத்திருந்தது. ஆர்கன் ஏறிற்று, ஒரு வளைவு வளைந்தது, இதுதானா, இல்லையா, இன்னொரு வளைவு வருமா, ரூபாக்காவின் கண் ஆர்கன் பக்கம் போகவே இல்லை, நேராகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அந்த முழங்கை மட்டும் தன் எடையை எல்லாம் இவள்மேல் போட்டுக்கொண்டு காத்திருந்தது, அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் பயத்தில் அழுத்திவிட்டாள்.

முந்திவிட்டது. நல்லாவே முந்திவிட்டது. முன்வாசிப்பு இன்னும் பாதி இருக்கும்போது, ஊர் முழுக்க வாயைத் திறக்காமல் நிற்கையில், இரண்டு கிழட்டுப் பெண்குரல்கள், ஒன்று சரியாகவும் ஒன்று அரை சுருதி இறங்கியும், ஒரே மூச்சில் பாட்டை ஆரம்பித்தன. ஜெரினின் தலை கண்ணாடிக்குள் வெடுக்கென்று நிமிர்ந்தது. ஒரு கணம் அவன் கை தடுமாறிற்று, பிறகு மிச்ச முன்வாசிப்பை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் பாடுகிற இடத்துக்கு ஓடிவந்து சேர்ந்தான், கொயர் சேர்ந்தது, பல் டாக்டர் வாயை நன்றாகத் திறந்து சேர்ந்தார், ஊர் சேர்ந்தது. சுகிர்தத்துக்குக் காது மடல் எரிந்தது. பக்கத்தில் கஞ்சிச் சேலை குலுங்கியது. அழுகிறாளோ என்று திரும்பினாள். ரூபாக்கா பாட்டுக்கு நடுவே தலையைச் சாய்த்து, ரகசியமாகத்தான் சொல்கிறோம் என்ற நினைப்பில், கேமரா முதல் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"முந்திட்டியே ட்டி."